தெரு வளையும் இடம்

இந்தக் காலத்து ஆட்களுக்குக் கண் எதற்கு இருக்கிறது என்றே வைரக்கண்ணுவுக்கு விளங்கவில்லை. ஒரு பொருள் கெட்டுப்போனால் குனிந்து அதைப் பார்ப்பவன் ஒருத்தனும் இல்லை. போனை எடுக்கிறான், படம் பிடிக்கிறான், எவனுக்கோ அனுப்புகிறான், பதில் வரும்வரை கொட்டாவி விடுகிறான். பக்கத்து வீட்டில் புகை வந்தால்கூட எழுந்து போய் எட்டிப் பார்க்காமல், ‘என்ன புகை?’ என்று குழுவில் செய்தி போட்டுக் கேட்கிற சனங்கள். எழுபத்து மூன்று வயதில் அவர் இரண்டு மாதமாக ஒரு கண்ணாடிப் பலகையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார். அதில் கோளாறு என்று ஏழு தடவை புகார் கொடுத்தாயிற்று. ஏழு தடவையும் ஒரே பதில்தான் வந்தது: ‘கோளாறைப் படம் எடுத்து அனுப்பவும். தங்கள் பொறுமைக்கு நன்றி.’

“எம் பொறுமைய எவன் வந்து பாத்தான்?” என்றார் பலகையைப் பார்த்து.

பலகை தன்பாட்டுக்கு மினுங்கிக்கொண்டிருந்தது. கட்டில் அகலத்துக்கு ஒரு கண்ணாடி, அதற்குள் தாழைமேடு. கடல் கொண்டுபோன ஊர். ஒன்பது வருடத்துக்கு முன்னால் கடைசி வீடும் போனபின், சனங்களைக் கூட்டிவந்து பதினோரு கிலோமீட்டர் உள்ளே இந்த அடுக்குமாடிகளில் அடைத்தார்கள். இப்போது மேட்டில் புது ஊர் கட்டப்போகிறார்களாம். பழைய தெரு, பழைய வரிசை, அவரவருக்குப் பழைய பக்கத்து வீட்டுக்காரர். ஆனால் அந்த ஊரில் எவனிடமும் பட்டா கிடையாது, எல்லாம் புறம்போக்கு. அதனால் ஊரைக் குடியேற்றுகிற அரசுத் துறையில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஊரில் வாழ்ந்தவர்கள் ஆளுக்கொரு தடவை பேனாவைப் பிடித்து இந்தக் கண்ணாடியில் ஊரை வரைய வேண்டும். அறுபத்திரண்டு பேர், அத்தனை பேரும் ஐம்பது தாண்டியவர்கள், தனித்தனியாக வரைந்தார்கள். பலகை அதையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே ஊராக்கியது. படத்தில் இருக்கிற வீட்டுக்கு மனை உண்டு. இல்லாத வீட்டுக்கு இல்லை.

படம் சரி என்று கையெழுத்துப் போட ஊர் சார்பில் ஒரு சாட்சி வேண்டும் என்றார்கள். பஞ்சாயத்தார் யோசிக்கவே இல்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டாலும் தன் நிழலைக்கூட இரண்டு தடவை சோதித்துப் பார்க்கிற ஆள் ஊரில் ஒருவர்தான் இருந்தார்.

கையெழுத்துப் போடாமல் அவரைப் பிடித்து வைத்திருப்பது ஒரு மங்கல். பெரிய தெருவின் வடக்கே, வலைக்கொட்டகையைத் தாண்டி, காளியம்மன் கோயிலுக்கு முன்னால், கட்டைவிரல் நகம் அளவுக்கு. தெளிந்த நாளில் படகிலிருந்து குனிந்து பார்த்தால் அடியில் ஏதோ அசைகிற மாதிரி இருக்குமே, அப்படி. நீலமாக வரும், போகும். எப்போதாவது அந்த நீலத்துக்குள் ஒரு பச்சை, மீன் புரண்டு படுப்பதைப் போல மின்னிவிட்டு மறையும். பலகை வைத்திருந்த மாடிக் கூடத்தின் ஜன்னல்களில் மதிய வெயில் நிற்கிற நேரத்தில் கண்ணாடிமேல் குனிந்தால், தான் நாற்காலியில் உட்கார்ந்திருப்பது அவருக்கு மறந்துபோகும். ஊர் ஒன்பது ஆள் ஆழத்தில் கிடப்பது போலவும், தான் மேலே மிதப்பது போலவும் இருக்கும்.

எட்டாவது புகாருக்குச் செய்தி வரவில்லை, ஆளே வந்துவிட்டது.

பர்கத் நிஷா, நாகூர்க்காரி. பலகையைச் செய்த கம்பெனியில் கோளாறு பார்க்கிற வேலை. முப்பத்தைந்து வயது இருக்கும். வந்தவள் பலகையைப் பார்க்காமல் ஜன்னல்களைப் பார்த்தாள்.

“வெயில் இந்தப் பக்கமாவா வருது ஐயா?”

“வெயில் எந்தப் பக்கம் வந்தா ஒனக்கென்ன? பூதம் பலகைக்குள்ள இருக்கு.”

“கண்ணாடியில வெளிச்சம் பட்டு ஆடுதோன்னு பாக்குறேன்.”

“ஏம்மா, அம்பது வருஷம் தண்ணிக்குள்ள எது மீனு, எது வெயிலுன்னு பாத்து வலை போட்டவன் நான். வெயிலுக்கா புகார் குடுப்பேன்?”

அவள் சிரித்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டாள். “சரி, நீங்களே சொல்லுங்க. எங்க புகார் பாரத்துல மூணு கேள்வி இருக்கும். என்ன இருக்கும்னு எதிர்பார்த்தீங்க? என்ன நடந்துச்சு? அதைத் திரும்ப வரவழைக்கிறது எப்படி? எட்டுப் புகார்லயும் முதல் கேள்விய மட்டும் வெறுமன விட்டிருக்கீங்க.”

“எதிர்பார்த்தாத்தான எழுதுறதுக்கு?”

“ரெண்டாவதுல ‘என்னமோ தெரியுது’ன்னு இருக்கு.”

“என்னமோ தெரிஞ்சா என்னமோன்னுதான் எழுதணும். மூணாவதப் படி.”

அவள் படித்தாள். ‘வலைக்கொட்டகையில் பேனாவை வைத்து வடக்கே இழுக்க வேண்டும். கிழவன் நடக்கிற வேகம்தான். தெரு வளைகிற இடத்தில் வரும். விரசாக இழுத்தால் வராது. பெரிசு பண்ணினால் ஓடிவிடும். படம் எடுத்தால் விழாது.’ நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். “எங்க ஆபீஸ்ல இஞ்சினியருங்ககூட இப்படி எழுத மாட்டாங்க ஐயா.”

வைரக்கண்ணுவுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் குளிர்ந்தது. காட்டிக்கொள்ளவில்லை. முகத்துக்கு நேரே புகழ்கிறவன் பைக்குள் எதையோ வைத்திருக்கிறான் என்பது அவர் எண்ணம்.

அவர் சொன்ன மாதிரியே நிஷா பேனாவை இழுத்தாள். மங்கல் வந்தது. பலகையை அணைத்துப் போட்டாள், வந்தது. வயரை மாற்றினாள், பேனாவை மாற்றினாள், அடுத்த மேசைப் பலகைக்குப் போனாள். அங்கேயும் வந்தது. பலகையிலேயே படம் எடுத்தாள், படத்தில் வெறும் மணல்தான் இருந்தது.

“பாத்தியா? இத எழுதினேன். அதுக்கும் படம் அனுப்புன்னானுவ.”

“பலகை படம் எடுக்கறப்ப கண்ணாடியப் பாத்து எடுக்காது ஐயா. உள்ள சேமிச்சு வச்ச அடுக்குகளத்தான் எடுக்கும். சேமிக்காம மேலாக்க வந்து போறது அதுல விழாது.”

“சேமிக்காதது எங்கேருந்து வருது?”

“அதைத்தான் பாக்கணும்.” எதையோ தேடித் தொட்டாள். “கைத்துணையை அணைச்சுட்டேன். இப்ப இழுங்க.”

அவர் இழுத்தார். மங்கல் வரவில்லை. ஆனால் அவர் கோடு! இரண்டு மாதமாக நூல் பிடித்தது போல ஓடிய கோடு இப்போது நண்டு நடந்த தடம் மாதிரி கோணிக்கொண்டு போனது.

“என்னம்மா பண்ணின? கோட்டக் கெடுத்திட்டியே?”

“கெடுக்கல. இதுதான் உங்க கை. நடுங்குற கைய நேராக்கித் தர்றதுதான் கைத்துணை. அதோட, நீங்க அடுத்து எங்க இழுப்பீங்கன்னு முன்கூட்டி யூகிச்சு, பேனா போறதுக்குள்ள ஒரு தலைமுடி அளவு அதுவே போட்டு வச்சிக்கும். இல்லாட்டிக் கோடு கைக்குப் பின்னாடி இழுத்துக்கிட்டு வர்ற மாதிரி தெரியும்.”

“அப்ப இத்தன நாளும் நான் வரையலியா?”

“நீங்க பாதி, அது பாதி.”

“களவாணிப்பய பலகை” என்றார் வைரக்கண்ணு. தன் கோணல் கோட்டை மறுபடி ஒரு தடவை பார்த்தார். அசிங்கமாக இருந்தாலும் அது தெரிந்த ஆள் மாதிரி இருந்தது.

நிஷா இப்போது கோட்டைப் பார்க்கவில்லை. தெருவைப் பார்த்தாள். “ஐயா, தெரு ஏன் இங்க வளையுது?”

“தெருன்னா வளையாதா?”

“கோயில்வரைக்கும் நேரா இருக்கு. இங்க மட்டும் கடல் பக்கமா வளைஞ்சு மறுபடி நேராவுது.” ஒவ்வொரு அடுக்காக உரித்துக்கொண்டே போனாள். ஒருத்தர் படத்தில் தென்னை இருந்தது, இன்னொருத்தர் படத்தில் இல்லை. கோயில் ஒருத்தருக்குப் பெரிது, ஒருத்தருக்குச் சிறிது. தெரு மட்டும் அதே இடத்தில் அதே மாதிரி வளைந்தது. “அறுபத்திரண்டு பேரும் வளைச்சிருக்கீங்க. எதைச் சுத்தி? கிணறா? பள்ளமா?”

“மணல்.”

“வெறும் மணலையா இத்தன பேர் சுத்திப் போனீங்க?”

வைரக்கண்ணு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தூரத்தில் கடல் ஒரு கம்பி மாதிரி கிடந்தது.

“பலகை ஆயிரம் ஊர்த் தெருவப் பாத்துக் கத்துக்கிட்டது” என்றாள் நிஷா, பாதி தனக்கே சொல்வதுபோல. “ஒண்ணுமில்லாததச் சுத்தி எந்தத் தெருவும் வளையாதுன்னு அதுக்குத் தெரியும். மெதுவா இழுக்கறப்ப யோசிக்க நேரம் கிடைக்குது. ‘இவரு எதையோ சுத்திப் போறாரு’ன்னு, அதை முன்கூட்டி வரைஞ்சு வைக்குது. நீங்க வரையலன்னதும் அழிச்சிடுது. திரை நொடிக்கு அறுபது தடவ தன்னைத் தானே வரைஞ்சுக்கும் ஐயா. அதுல ஒரே ஒரு தடவதான் இது இருக்கும்.”

“யூகம்னா பொய்தான?”

“பொய் இல்ல. இன்னும் யாரும் சொல்லாதது.”

“ரெண்டும் ஒண்ணுதான்.”

கைத்துணையை மறுபடி போட்டுவிட்டு, தன் போனைக் கண்ணாடிக்கு மேலே பிடித்தாள். கண் இமைப்பதைக்கூட நூறு துண்டாக்கிக் காட்டுகிற படம் அது. அவரை இழுக்கச் சொன்னாள். பிறகு போனை ஒவ்வொரு துண்டாக நகர்த்தினாள். மணல், மணல், மணல். அப்புறம் ஒரே ஒரு துண்டில், நீருக்குள்ளிருந்து யாரோ தூக்கிக் காட்டியது போல, ஒரு வீடு. ஓட்டுக்கூரை. ஒரு கதவு, நீலம்.

“யாரு வீடு ஐயா?”

வைரக்கண்ணு மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். முதல் நாளிலிருந்தே அவருக்குத் தெரியும். தெரிந்ததை ‘அங்கே ஒன்றுமில்லை, வெறும் கோளாறு’ என்று வேறு யாரையாவது சொல்லவைக்கத்தான் எட்டுப் புகார்.

அது தைலம்மை வீடு. அவர் கூடப்பிறந்தவள்.

முப்பத்தொரு வருடத்துக்கு முன்னால் சுருக்குமடி வலைத் தகராறில் பக்கத்து ஊர்ப் படகு ஒன்று எரிந்தது. கொளுத்தியவர் வைரக்கண்ணு. படகுக்குள் ஒருவன் படுத்திருந்தது அவருக்குத் தெரியாது. உயிர் பிழைத்தான், கால்கள் பிழைக்கவில்லை. போலீஸ் வந்து கேட்டபோது ஊரே வாயைக் கட்டிக்கொண்டது. தைலம்மை மட்டும், “எங்கண்ணன்தான், நான் பார்த்தேன்” என்றாள். அவர் எட்டு மாதம் உள்ளே இருந்தார். பஞ்சாயத்து கூடித் தைலம்மையை ஒதுக்கி வைத்தது. நெருப்பு இல்லை, தண்ணீர் இல்லை, பேச்சு இல்லை, கடையில் சாமான் இல்லை. அந்த ஊர் வழக்கத்தில் இன்னொன்றும் உண்டு. ஒதுக்கிய வீட்டு வாசல் மண்ணை மிதிக்கக் கூடாது. கடல் பக்கமாக இறங்கிச் சுற்றிப் போக வேண்டும். போகும்போது முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொள்ள வேண்டும். இருபத்திரண்டு வருடம் ஊர் அப்படித்தான் நடந்தது. கால்பட்டுக் கால்பட்டுத் தெருவே அங்கே வளைந்துவிட்டது. கடல் உள்ளே வந்தபோது மற்ற வீடுகளுக்கு மணல் மூட்டை அடுக்கினார்கள். அந்த வீடுதான் முதலில் போனது.

தைலம்மை இறந்து நான்கு வருடம். மகள் தேவயானை இந்த அடுக்குமாடியில்தான், யாரோ இடம் கொடுத்த ஒரு அறையில் இருக்கிறாள். ஒரு மாதமாகத் தினமும் பத்து மணிக்கு மனுவோடு வந்து கூடத்துப் படிக்கட்டில் உட்காருகிறாள். ‘எங்கம்மா வீட்டையும் வரையுங்க.’ ஊர்ப் பட்டியலில் அந்த வீடு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். வைரக்கண்ணு தினமும் அவளைத் தாண்டித்தான் ஏறுகிறார். படிக்கட்டில் கடல் கிடையாது, அதனால் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொள்கிறார்.

இதையெல்லாம் அவர் சொல்லி முடித்ததும் நிஷா கடிகாரத்தைப் பார்த்தாள்.

“சாயங்காலம் அஞ்சு மணிக்குப் படத்த மூடுறாங்க ஐயா. அதுக்குள்ள நான் ஒண்ணு எழுதணும். கோளாறுன்னு எழுதினா, எங்க ஆளுங்க தெருவ நேராக்குற மாதிரி ஒரு திருத்தம் அனுப்புவாங்க. மங்கல் போயிடும், நீங்க கையெழுத்துப் போடலாம். அப்புறம் அந்த இடத்துல ஒண்ணு இருந்ததுன்னு எந்தக் காலத்துலயும் யாரும் கண்டுபிடிக்க முடியாது. கோளாறு இல்லன்னு எழுதினா, அங்க இருந்தத சாட்சியே வரையணும். சாட்சின்னா நீங்கதான்.”

“அவ புள்ளைக்கு மனை வரும்.”

“வரும்.”

“நான் அவ வீட்ட வரையணும்.”

“ஆமா.”

அந்த நேரத்தில் கதவைத் தள்ளிக்கொண்டு அமிர்தகடேசன் வந்தார். வைரக்கண்ணுவுக்கு மச்சான், வீட்டுக்காரியின் தம்பி; இப்போது பஞ்சாயத்துத் தலைவர். பலகையில் வரைந்தவர்களுக்குக் கொடுத்த எண் வில்லையை இன்னும் சட்டைப் பையில் குத்தியிருந்தார்: ஏழு. எதையும் கழற்றிப் பழக்கமில்லாத மனிதர்.

“என்னா மச்சான், இன்னுமா பலகையோட குடும்பம் நடத்துற? ஊரே மேட்டுக்குப் போகக் கால்ல செருப்ப மாட்டிக்கிட்டு நிக்கிது. ஒரு கையெழுத்து, ஒரே இழுப்பு. அதுக்கு ரெண்டு மாசமா?”

“மங்கல் தெரியிது.”

“எனக்குத் தெரியல.”

“நீ குனிஞ்சு பாத்தியா?”

“எதுக்குக் குனியணும்? கண்ணுக்குப் பொறை விழுந்திருக்கும், ஆசுபத்திரிக்குப் போ.” நிஷாவைப் பார்த்துக் குரலை மாற்றினார். “தங்கச்சி, கோளாறுன்னு எழுதிட்டுக் கிளம்புங்க. அங்க ஒண்ணும் கிடையாது. நான் தலைவர், நான் சொல்றேன்.”

நிஷா போனைத் திருப்பிக் காட்டினாள். நீலக் கதவு.

கடேசன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “இது... கம்பெனிக்காரன் போட்டது.”

“வீட்டோட உருவம் பலகையோட யூகம்தாங்க” என்றாள் நிஷா. “தெரு வளையறத வச்சுப் போட்டிருக்கு. ஆனா நிறத்த வளைவுலேருந்து எடுக்க முடியாது. அதான் எனக்கும் புரியல.” பேசிக்கொண்டே அவள் விரல் கண்ணாடிமேல் எதையோ தேடியது. திடீரென்று நின்றது. “அல்லாஹ்.”

“என்னம்மா?”

“வரைஞ்சு அழிச்சத பலகை தூக்கிப் போடாது ஐயா. ஒரு ஓரமா வச்சிருக்கும், யூகத்துக்கு உதவும்னு. இந்த இடத்துல பன்னிரண்டு பேர் எதையோ வரைஞ்சு, உடனே அழிச்சிருக்காங்க. பேரு தெரியாது, எண் மட்டும்தான். மூணு, ஏழு, பதினொண்ணு...” வாசித்துக்கொண்டே போனாள். “அதுல பதினோரு பேர் எடுத்தது நீலம். அதே நீலம். ஒருத்தர் மட்டும் பச்சை. எண் பதினேழு.”

பதினேழு வைரக்கண்ணு.

மூன்றாம் நாள், கூடத்தில் யாரும் பார்க்காதபோது, பேனா தானாகப் போய் அங்கே ஒரு சின்னக் கட்டம் போட்டது. பச்சை பூசியது. அவர் அதை ஈ விரட்டுவது போல அழித்தார். அழித்தது அழிந்தது என்றுதான் நினைத்திருந்தார்.

அவர் பேசியபோது குரல் அவருக்கே தூரத்தில் கேட்டது. “மச்சான். செயிலுக்குப் பாக்க வந்தப்ப ஒண்ணு சொன்னியே, நெனப்பிருக்கா?”

கடேசன் வில்லையைத் திருகிக்கொண்டிருந்தார்.

“‘ஒந்தங்கச்சி நீ பூசிக் குடுத்த நீலத்தச் சுரண்டித் தள்ளிட்டுப் பச்சை பூசிட்டா’ன்னு சொன்ன.”

அந்தக் கதவு தைலம்மை கல்யாணத்துக்கு அவர் போட்டது. தன் படகுக்கு வாங்கிய நீலத்தில் மிஞ்சியதைத் தானே பூசினார். ஊரில் பாதிக் கதவுகள் படகு நிறம்தான். ஆனால் அந்த நீலம் அவர் படகுக்கும் அவள் வீட்டுக்கும் மட்டும். அதைச் சுரண்டிவிட்டாள் என்று கேட்ட அன்று அவர் சோறு உண்ணவில்லை. வெளியே வந்தபின் ஊர் வழக்கம் அவருக்கு வசதியாகப் போயிற்று. எல்லோரையும்விட நன்றாக முகத்தைத் திருப்பிக்கொண்டவர் அவர்தான். அந்தக் கதவை அவர் அப்புறம் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

“சொன்னேன்” என்றார் கடேசன்.

“பாத்துட்டுச் சொன்னியா?”

“பஞ்சாயத்துல சொல்லச் சொன்னாங்க மச்சான். நீ வெளில வந்து, அவ கண்ணக் கசக்கி, நீ அவள வீட்டுக்குக் கூப்பிட்டுட்டா, ஊர்க்கட்டு என்னாவறது? நாளைக்கு எவனும் போலீசுக்குப் போயி எதையும் சொல்லுவான்.” மூச்சு விட்டார். “நீலம்தான். அவ சுரண்டவேயில்ல.”

“நீ எப்படிக் கண்ட? கடல் பக்கம்ல திரும்பிப் போன?”

கடேசன் எண் வில்லையை உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.

“பாக்க மாட்டோம்னு கற்பூரம் அணைச்சவனுவ” என்றார் வைரக்கண்ணு. “பதினோரு பேர் பாத்திருக்கானுவ. திருட்டுப் பயலுவ. நான் ஒருத்தன்தான்டா ஒழுங்கா நடந்திருக்கேன்.”

சிரிக்கத்தான் பார்த்தார். வரவில்லை. பலகைக்குள் ஊர் தன்பாட்டுக்கு மினுங்கியது. வெயில் மேற்கே இறங்கிக் கண்ணாடிமேல் சாய்ந்திருந்தது. ஊரின்மேல் சின்னச் சின்ன அலை ஓடுவது போல் இருந்தது. அந்தத் தெருவில் அவர் நடந்துகொண்டிருந்தார். வலைக்கொட்டகை தாண்டியாயிற்று. கால் தானாகக் கடல் பக்கம் இறங்கியது. கழுத்து தானாகத் திரும்பியது. கழுத்துக்கு அந்தப் பக்கம், பத்தடி தூரத்தில், ஒரு கதவு திறந்திருக்கலாம், மூடியிருக்கலாம், அதில் யாராவது நின்றிருக்கலாம்.

“மச்சான்,” என்றார் கடேசன், இப்போது தலைவர் குரல் இல்லை, “அது முடிஞ்ச கதை. அவளும் போயிட்டா. இப்ப அத வரைஞ்சா, ஏன் முன்னாடி வரையலன்னு கேப்பானுவ. ஒதுக்கி வச்ச கதை வெளில வரும். அதிகாரி எங்களத்தான் புடிப்பான். கோளாறுன்னு போட்டுட்டுப் போயிடுவோம்.”

வைரக்கண்ணு நிஷாவின் பக்கம் திரும்பினார். “இந்தாம்மா. அந்தப் பாரத்த எடு. மொதக் கேள்விய வாசி.”

“என்ன இருக்கும்னு எதிர்பார்த்தீங்க?”

“அங்க ஒண்ணும் இருக்காதுன்னு எதிர்பார்த்தேன். எழுதிட்டியா?”

“எழுதிட்டேன். என்ன நடந்துச்சு?”

“வீடு இருந்துச்சு.”

“திரும்ப வரவழைக்கிறது எப்படி? ஏற்கனவே எழுதியிருக்கீங்க, அதுவே இருக்கட்டுமா?”

“இருக்கட்டும். கடைசியில ஒரு வரி சேத்துக்க.” பாரத்தின் அடியைத் தொட்டுக் காட்டினார். “‘மொகத்தத் திருப்பக் கூடாது.’”

கடேசன் வெளியே போய்விட்டார். கதவை அடித்துச் சாத்தவில்லை, மெதுவாகத்தான் சாத்தினார்.

“அந்தக் கைத்துணையோ என்னமோ, அத அணை” என்றார் வைரக்கண்ணு. “இதுல அது பாதி, நான் பாதின்னு இருக்கக் கூடாது.”

பேனாவை எடுத்தார். சுவர் கோணிக்கொண்டு வந்தது. ஓட்டுக்கூரை ஒரு பக்கம் சரிந்து நின்றது. படி இரண்டா மூன்றா என்று யோசித்து, மூன்று போட்டார். சின்னப் பிள்ளை வரைந்த வீடு மாதிரி இருந்தது. ஆனால் அசையாமல் இருந்தது. நிஷா சேமித்துவிட்டுப் படம் எடுத்தாள். படத்தில் விழுந்தது. கீழே அவர் பெயரை ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். மணி நாலே முக்கால்.

“கதவு வெறுமனே நிக்கிதே ஐயா. நீலம் எடுத்துத் தரவா?”

“பச்சை.”

“பதினோரு பேர்...”

“பதினோரு பேரும் ஒரே ஊர்க்காரனுவ. ஒருத்தன் நீலம்னா எல்லாரும் நீலம்பானுவ. அந்த மச்சான் அன்னைக்குப் பச்சைன்னான், இன்னைக்கு நீலங்குறான். அன்னைக்குப் பொய்யா, இன்னைக்குப் பொய்யா? ஒம் பலகை என் கோட்டையே திருடி நேராக்கிக் காட்டின பலகை. யாரைம்மா நம்பச் சொல்ற?”

“தெரிஞ்ச ஆள் ஒருத்தங்க படிக்கட்டுல உக்காந்திருக்காங்களே.”

வைரக்கண்ணு துண்டை உதறித் தோளில் போட்டார். நிஷாவிடம் போய் வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை.

தேவயானை மூன்றாவது படியில் இருந்தாள், மடியில் மனு. செருப்புச் சத்தம் கேட்டதும் வழக்கம்போலச் சுவர் பக்கம் இடம் விட்டு நகர்ந்தாள், அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ள வசதியாக. அவர் திருப்பவில்லை. அவள் நெற்றி அப்படியே தைலம்மை நெற்றி. இதை இத்தனை நாளும் ஒருத்தனும் அவருக்குச் சொல்லவில்லை.

“மேல போ” என்றார். “வீடு இருக்கு. கதவுக்கு மட்டும் நிறம் பூசல. அஞ்சு மணிக்குள்ள போயிப் பூசிட்டு வா. பச்சை.”

அவள் எழுந்து நின்றாள். மனு மடியிலிருந்து விழுந்தது. அதை எடுக்கவில்லை.

“நீலம் மாமா” என்றாள். “ஒவ்வொரு வருஷமும் அம்மா பூசும். கடையில குடுக்க மாட்டாங்கன்னு வேளாங்கண்ணிவரைக்கும் நடந்து போயி வாங்கியாந்து பூசும்.”

அவர் இரண்டு படி இறங்கிவிட்டார். கைப்பிடிச் சுவரில் கையை வைத்துக் கொஞ்சம் நின்றார்.

“ஒனக்கு என்ன தெரியும்? நீ சின்னப் புள்ள” என்றார், திரும்பாமல். “உப்புக்காத்து பட்டா எந்தப் பச்சையும் நீலமாத்தான் தெரியும்.”

மீதிப் படிகளை ஒவ்வொன்றாக இறங்கி, வெயிலுக்குள் போனார்.